லைப்ரரி இருக்கிறது, சிமேக் ‘காணோம்’ என்கிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைப்ரரியை இப்போதுதான் இன்ஸ்டால் செய்தோம், கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் புரோகிராமைக் கட்டுவதற்கான ஏற்பாடுகளைச் செய்யும் சிமேக் (CMake) கருவியை ஓட்டினால் ‘கிடைக்கவில்லை’ என்று சிவப்பில் ஒரு வரி. உடனே நம்மில் பலர் செய்வது அதே லைப்ரரியை மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். வீண் வேலை. சிமேக் டிஸ்க் முழுவதையும் துழாவிவிட்டு அப்படிச் சொல்வதில்லை. குறிப்பிட்ட சில ஃபோல்டர்களில் குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடினேன், அங்கே இல்லை என்கிறது, அவ்வளவுதான். எந்தக் கோப்பு, எங்கெல்லாம் தேடினாய் என்று அதைக் கேட்காமலே கை வைப்பதில்தான் பாதி நாள் போகிறது.

கேட்க வழி இருக்கிறது. சிமேக் 3.17 முதல் --டீபக்-ஃபைண்ட் என்ற ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் தேடிப் போன இடங்களையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிடும். கொட்டுவது அதிகம்தான், ஆனால் 3.23 முதல் --டீபக்-ஃபைண்ட்-பிகேஜி என்று போட்டு ஒரே ஒரு பேக்கேஜுக்கு மட்டும் கேட்கலாம்.

அதற்கு முன், எரரையே முழுசாகப் படியுங்கள். ‘மிஸ்ஸிங்: இசட்லிப்_லைப்ரரி, இசட்லிப்_இன்க்ளூட்_டிர்’ என்ற மாதிரி வந்தால், இசட்லிப் என்ற கம்ப்ரெஷன் லைப்ரரியின் ஹெடரையும் (அதில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) லைப்ரரிக் கோப்பையும் சிமேக் தனித்தனியாகத் தேடியிருக்கிறது. பெரும்பாலும் டெவலப்மென்ட் பேக்கேஜ் போடாததுதான் காரணம். லிப்இசட்.எஸ்ஓ.1 இருந்தால் ஏற்கெனவே கட்டிய புரோகிராம் ஓடும், ஆனால் புரோகிராமோடு லைப்ரரியை இணைக்கும் லிங்க்கர் தேடுவது நம்பர் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ என்ற சிம்பாலிக் லிங்க்கை. அந்த லிங்க்கும் ஹெடர்களும் டெபியன், உபுண்டுவில் -டெவ் என்று முடியும் பேக்கேஜிலும், ஃபெடோராவில் -டெவெல் என்று முடிவதிலும் வரும். பெயரை ஊகிக்கவும் கூடாது, டெபியனில் இசட்லிப்புக்கான டெவ் பேக்கேஜின் பெயர் இசட்லிப்1ஜி-டெவ், யாருக்குத் தோன்றும்! மாறாக, எரரில் ‘ஓப்பன்சிவிகான்ஃபிக்.சிமேக்’ என்பது போல ஒரு கோப்புப் பெயர் இருந்தால், அந்த லைப்ரரி (இங்கே படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி) தானே வைத்துவிட்டுப் போகும் கான்ஃபிக் கோப்பைத்தான் சிமேக் தேடுகிறது. லினக்ஸில் இந்தப் பெயருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம். ஓ, சி, வி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதாவிட்டால் கோப்பு பக்கத்திலேயே இருந்தாலும் சிமேக்கின் கண்ணுக்குப் படாது.

சரி, லைப்ரரியை வேறு எங்கோ போட்டிருக்கிறீர்கள், பாத் சொல்ல வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வேரியபிளும் வேறு வேறு ஆழத்தில் உள்ள ஃபோல்டரைக் கேட்கிறது. சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத் கேட்பது இன்ஸ்டால் செய்த தலை ஃபோல்டரை, அதாவது லிப்பும் இன்க்ளூடும் எதற்குள் இருக்கின்றனவோ அதை. அங்கே போய் லிப் வரை எழுதினால் அநேகமாகக் கிடைக்காது. ஓப்பன்சிவி_டிர் அப்படியில்லை, கான்ஃபிக் கோப்பு கிடக்கும் அதே ஃபோல்டர் வேண்டும் என்கிறது, அதாவது லிப்/சிமேக்/ஓப்பன்சிவி4 வரை இறங்க வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி பார்க்கும் பிகேஜி_கான்ஃபிக்_பாத்துக்கோ .பிசி கோப்புகள் உள்ள ஃபோல்டர், பெரும்பாலும் லிப்/பிகேஜிகான்ஃபிக். ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்கும் அப்படியே ஒட்டிவிட்டு ‘பாத் கொடுத்தும் வரவில்லை’ என்று புலம்பிய அனுபவம் எனக்கும் உண்டு. அப்புறம், ப்ரிஃபிக்ஸ் பாத்தை கமாண்ட் லைனில் -டி ஆப்ஷன் போட்டுக் கொடுத்தால் பல ஃபோல்டர்களுக்கு நடுவே அரைப்புள்ளி, லினக்ஸிலோ மேக்கிலோ என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்தால் முக்காற்புள்ளி. அரைப்புள்ளியை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், கமாண்ட் அதோடு முடிந்தது என்று ஷெல் நினைத்துக்கொள்ளும்.

கிடைக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. தப்பானது கிடைப்பதுதான் ஆபத்து. ஒருமுறை நானே கட்டிய ஓப்பன்சிவியோடு ஒரு ப்ராஜெக்டை இணைக்க முயன்றேன். கம்பைல் ஆனது, லிங்க் ஆகும்போது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ ஒரு பக்கம் முழுக்க. பார்த்தால், சி++ லைப்ரரிகளையும் சேர்த்துக் கொண்டுவரும் ஒரு பைத்தான் என்விரான்மென்ட் அந்த டெர்மினலில் ஆக்டிவாக இருந்திருக்கிறது. பாத் (PATH) என்விரான்மென்ட் வேரியபிளில் ‘பின்’ (bin) என்று முடியும் ஃபோல்டர் இருந்தால், சிமேக் அதன் மேல் ஃபோல்டரையும் தேடும் இடமாக எடுத்துக்கொள்ளும், அங்கிருந்த ஓப்பன்சிவியைப் பிடித்துக்கொண்டது. என்விரான்மென்டை அணைத்தேன், ப்ரிஃபிக்ஸ் பாத்தையும் சரியாகக் கொடுத்தேன், மறுபடி அதே பழைய லைப்ரரி. காரணம் சிமேக்கேஷ்.டெக்ஸ்ட். ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை அதில் எழுதி வைத்துவிட்டால், அந்த இடம் செல்லுபடியாகும்வரை சிமேக் திரும்பத் தேடாது. பாத்தை மாற்றினால் பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள், அல்லது 3.24 முதல் உள்ள --ஃப்ரெஷ் போடுங்கள். வேரியபிள்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலையை இழந்த பிறகுதான் இது என் மண்டையில் ஏறியது.

ஆத்திரத்தில், ப்ராஜெக்டை எப்படிக் கட்டுவது என்று எழுதும் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்புக்குள்ளேயே உங்கள் மெஷினின் முழு பாத்தை எழுதிவிடாதீர்கள். உங்களிடம் ஓடும், அடுத்தவர் எடுத்த உடனே உடையும். அது கமாண்ட் லைனிலோ, செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ப்ரீசெட் கோப்பிலோ இருக்க வேண்டிய சமாச்சாரம்.

எல்டி_லைப்ரரி_பாத்தை செட் செய்துவிட்டு சிமேக் கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அது புரோகிராம் ஓடத் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் டைனமிக் லோடர் பார்ப்பது, சிமேக் அதைத் தேடும் இடமாக எடுத்துக்கொள்வதில்லை. இதன் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது: பில்டு ஃபோல்டரில் நன்றாக ஓடிய புரோகிராம், இன்ஸ்டால் செய்த பிறகு லைப்ரரியைக் காணோம் என்று நின்றுவிடும். கட்டும்போது லைப்ரரி இருக்குமிடத்தை ஆர்பாத்தாகப் புரோகிராமுக்குள் எழுதும் சிமேக், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், இன்ஸ்டால் செய்யும்போது அதை எடுத்துவிடுகிறது. சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்_யூஸ்_லிங்க்_பாத்தை ஆன் செய்தால், ப்ராஜெக்டுக்கு வெளியே உள்ள லைப்ரரிகளின் இடத்தை அது புரோகிராமிலேயே விட்டுவைக்கும்.