பூட்டு உடையவில்லை, கொண்டிதான் பெயர்ந்தது

எங்கள் தெருவில் திருட்டுப் போன வீட்டின் முன்கதவை மறுநாள் போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் நெம்பியதில் பூட்டு மாட்டியிருந்த கொண்டி ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழே கிடந்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்துப் பார்த்தேன், முக்கால் அங்குலம்கூட இல்லை. துளை தளர்ந்திருந்ததால் எப்போதோ தீக்குச்சியைச் செருகி முறுக்கியிருக்கிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். பூட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம், அது மாட்டியிருக்கும் கொண்டியைக் கவனிப்பதில்லை. ஆல்ட்ராப்புக்கு, அதாவது வெளியே பூட்டு மாட்டும் நீளமான இரும்புத் தாழ்ப்பாளுக்கு, ஸ்க்ரூ போதாது. கதவில் துளை போட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். நிலையில் பதியும் பகுதிக்கு 3 அங்குல ஸ்க்ரூ போடலாம். ஆனால் நிலையே செல்லரித்திருந்தால் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. முதலில் அதை மாற்றியாக வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீலையும் பாருங்கள். கீலின் ஆணி வெளியே தெரிந்தால் அதைத் தட்டிக் கழற்றிவிடலாம், ஆணியை உருவ முடியாத வகைக் கீல்தான் அங்கே சரி.

அடுத்தது, முன்கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வைப்பது. கம்பிக்குள் கையை விட்டால் உள்தாழ்ப்பாள் எட்டும். உங்கள் வீட்டிலேயே கையை விட்டுப் பாருங்கள். எட்டினால் தாழ்ப்பாளை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் கம்பிக்கு மேல் நெருக்கமான வலை அடியுங்கள்.

இப்போது வரும் ஸ்லைடிங் ஜன்னல்களில் கிரில்லை வெளியே இருந்தே நாலு ஸ்க்ரூவில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கழன்றுவிடும். கிரில்லின் கால்களைச் சுவருக்குள் இறக்கிப் பூச வேண்டும். முடியாவிட்டால் ஸ்க்ரூத் தலைகளையாவது வெல்டிங் வைத்து அடைத்துவிடுங்கள்.

அப்புறம் கொல்லைக் கதவும் மொட்டை மாடிக் கதவும். முன்னால் தேக்குக் கதவு போட்ட வீட்டில்கூடப் பின்னால் பிவிசி கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளுமாக இருக்கும். திருடனுக்கு யாரும் பார்க்காத இடம்தானே வசதி! பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை போடுவார்களே, அதையே இரும்பில் செய்து இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கி பதித்து மாட்டிக்கொள்ளலாம். பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் மட்டும் இருந்தால் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். அங்கேயும் கம்பி வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு எல்லா ஜன்னலையும் நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமே. ஒரு படுக்கையறை ஜன்னலிலாவது கீல் வைத்துத் திறக்கும் கிரில் போட்டு, உள்ளே பூட்டி, சாவியை வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், குழந்தைகளுக்கும் தெரியும்படி மாட்டி வையுங்கள்.