ஹெட் டவுன் பழகும்போது பலரும் விடுகிற பிழைகள்

விமானத்திலிருந்து குதித்து, பரசூட் திறக்கும் வரை தலை கீழே, கால் மேலே என்று விழுவதைத்தான் ஹெட் டவுன் என்பார்கள். திருகோணமலையில் இந்த ஸ்கைடைவிங் பழக இடம் கிடையாது. சீனக்குடாவில் ஓடுபாதை உண்டு, விமானப்படை உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் லீவில் ஊருக்கு வந்தால் உவர்மலையிலோ உப்புவெளியிலோ யாராவது ஒரு தம்பி போனில் ஒரு வீடியோவை நீட்டி, "அண்ணை, இப்பிடித் தலைகீழாப் போறதுக்கு எவ்வளவு நாள் செல்லும்?" என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்கிறவர்களில் பலர் வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள். துபாயில் குதிக்கலாம், அபுதாபி யாஸ் தீவில் பெரிய விண்ட் டனல் (கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் கூடம்) இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு நாள் என்று கேட்பதைவிட, அந்த நிலை கலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். பழகும் காலத்தில் அது கட்டாயம் கலையும். வீடியோவில் தெரிவது கலையாத பகுதி மட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வயிறு கீழே பார்க்க விழும்போது உடலின் வேகம் மணிக்கு 190 கிலோமீற்றர் அளவில் வந்து நிற்கும். ஆயிரம் அடி இறங்க ஐந்தரை செக்கன் எடுக்கும். தலைகீழாக விழும்போது 250, 270 என்று போகும். ஆயிரம் அடிக்கு நான்கு செக்கன்தான். கோணேசர் மலையின் உச்சியிலிருந்து கடல்மட்டம் வரையுள்ள உயரத்தை இந்த வேகத்தில் கடக்க இரண்டு செக்கன்கூட ஆகாது. கீழே சொல்லும் பிழைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்குத்தான் நிற்கிறது.

கடலில் பாய்ந்த பழக்கம்

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கவனித்த ஒன்று, வேறு ஊர்க்காரரிடம் இவ்வளவு இல்லை. சின்ன வயதிலிருந்தே பாறையிலும் ஜெட்டியிலும் நின்று கடலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கையிரண்டும் தலைக்கு மேலே நீட்டி, காலிரண்டையும் ஒட்டி, நாடியை நெஞ்சோடு சேர்த்து, உடம்பை ஊசி மாதிரி நேராக்கினால் தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போகலாம். தலைகீழ் என்றவுடன் உடம்பு தானாகவே இந்தக் கோலத்துக்குப் போய்விடுகிறது.

ஆகாயத்தில் இது வேலைக்கு ஆகாது. உடம்பை ஒடுக்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும், பிடித்து நிற்கக் காற்றில் ஒன்றும் இருக்காது. ஸ்பீட் ஸ்கைடைவிங் என்று தனியாக ஒரு போட்டியே இருக்கிறது; அவர்கள் வேண்டுமென்றே ஒடுங்கி மணிக்கு 500 கிலோமீற்றரைத் தாண்டுகிறார்கள். பழகுகிறவருக்கு அது தேவையே இல்லை. காலை நன்றாக அகட்ட வேண்டும். ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே, அல்லது இரண்டும் பக்கவாட்டில். இடுப்பு மடங்கக்கூடாது. கை இரண்டும் பக்கத்தில், கண் ஓரத்துக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது முதுகுப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

பார்வை இன்னொரு சிக்கல். விழுகிற திசையைப் பார்க்கத்தான் மனம் சொல்லும். நிலத்தைப் பார்க்கக் கழுத்தை வளைத்தால் முதுகும் கூடவே வளையும், உடம்பு சரிந்து ஒரு பக்கமாக ஓடத் தொடங்கும். தன் காலைப் பார்த்தால் இடுப்பு மடங்கும். பார்க்க வேண்டியது நேரே எதிரில், தலைகீழாகத் தெரியும் தொடுவானத்தை. முதல் சில தடவை வயிற்றைப் பிரட்டும். பிறகு பழகிவிடும்.

அப்புறம், கையால் துழாவுவது. நிலை தளும்புகிற போதெல்லாம் பதறிப்போய்க் கையை வீசுவார்கள். தலைகீழாக நிற்கையில் திருப்பம், முன்னேற்றம், பின்வாங்கல் எல்லாவற்றுக்கும் காலும் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியும்தான் அதிகம் உழைக்கும். கை சும்மா ஒரு துணை.

படியைத் தாண்டிப் போவது

வயிறு, முதுகு, உட்காரும் நிலை, அதற்குப் பிறகுதான் தலைகீழ். இந்த வரிசையைச் சலிப்பான பாடத்திட்டம் என்று நினைத்துப் பலர் நேரே கடைசிப் படிக்கு ஓடுகிறார்கள். உட்கார்ந்தபடி பறப்பதை ஏன் முதலில் பழக வேண்டும் என்று கோச் விளக்கமாகச் சொல்லாவிட்டால் அது வெறும் சடங்கு மாதிரித்தான் படும். காரணம் இதுதான்: தலைகீழ் நிலை கலையும்போது உடம்பு வயிற்றுப்பக்கம் விரியத்தான் பார்க்கும், ஏனென்றால் முதலில் பழகியது அது. விரிந்தவுடன் 270 இல் போனவர் சில கணத்தில் 190 க்கு வந்துவிடுவார். அவருக்கு நேர் மேலே இன்னொருவர் 270 இலேயே வந்துகொண்டிருந்தால், இருவருக்கும் இடையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வித்தியாசம். கீழே இருந்தவர் எம்பி வந்து மேலே இருந்தவரை அடித்தது போல இருக்கும். இதை ஸ்கைடைவர்கள் கோர்க்கிங் என்பார்கள். கை கால் முறிவதிலிருந்து நினைவு தப்புவது வரை எதுவும் நடக்கலாம்; நினைவு தப்பியவர் தன் பரசூட்டைத் தானே இழுக்க முடியாது.

உட்காரும் நிலையில் வேகம் தலைகீழின் வேகத்துக்குக் கிட்டவே இருக்கும். ஆகவே நிலை கலைந்தால் உடம்பைச் சுருக்கி உட்காரும் நிலைக்கு வர வேண்டும், விரியக்கூடாது. அதை யோசிக்காமல் செய்யும் அளவுக்கு உட்காரத் தெரியாதவர் இன்னொருவருடன் சேர்ந்து தலைகீழாகப் போகக்கூடாது என்பது என் பிடிவாதம். இரண்டு புதியவர்கள் கூட்டாகப் பழகுவது இன்னும் மோசம். "அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம்" என்பது உப்புவெளிக் கரையில் நீந்தப் பழகச் சரி.

விண்ட் டனல் இதையெல்லாம் வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு குதிப்பில் தலைகீழாகக் கிடைப்பது முப்பது, நாற்பது செக்கன்; டனலில் பத்து நிமிடம் என்றால் அது பதினைந்து குதிப்புக்குச் சமம். பயிற்றுநர் கையெட்டும் தூரத்தில் நின்று காலைப் பிடித்துத் திருத்துவார். காசு இருப்பவர் முதலில் அங்கே போவது புத்தி. ஆனால் டனல் புதிதாக ஒரு வகை ஆளையும் உருவாக்கியிருக்கிறது: மிக அழகாகப் பறப்பார், குதித்ததோ சொற்பம். டனலில் உயரம் குறைவதில்லை. பரசூட் திறக்கும் முன் மற்றவர்களை விட்டுப் பிரிந்து போக வேண்டியதில்லை. பரசூட் திறக்க வேண்டியதில்லை. அங்கே கற்ற உடம்பு ஆகாயத்திலும் அப்படியே நிற்கும். உயரத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வந்திருக்காது.

சுவர் இல்லாத இடத்தில் ஓடுவது

டனலில் நீங்கள் ஒரு பக்கம் சரிந்து ஓடினால் சுவரில் இடிப்பீர்கள், உடனே தெரிந்துவிடும். வெளியே அப்படி எதுவும் இல்லை. தனியாகக் குதித்தவர் நேராகக் கீழே விழுகிறோம் என்று நம்பிக்கொண்டே பல நூறு மீற்றர் பக்கவாட்டில் போயிருப்பார். பிளேன் போகும் கோட்டிலேயே ஓடினால் தனக்கு முன்னால் குதித்த குழுவின் மேலேயோ, பின்னால் குதித்த குழுவின் கீழேயோ போய் நிற்பார். அவர்கள் பரசூட் திறக்கும் நேரம் அது.

இதற்கு எளிய மருந்து, பிளேன் போகும் திசைக்குக் குறுக்கே முகத்தை வைத்துக்கொள்வது. முன்னால் பின்னால் ஓடினாலும் கோட்டைவிட்டு வெளியேதான் போவீர்கள். பிளேனில் ஏறும் முன்பே இன்றைக்கு எந்தத் திசையில் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு, நிலத்தில் ஒரு வீதியையோ கரையையோ அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

குதிக்கும் வரிசையும் இதோடு சேர்ந்தது. வயிற்றுப்பக்கம் பறக்கும் குழுக்கள் வழக்கமாக முதலில் போகும். அவர்கள் அதிக நேரம் விழுவதால் காற்று அவர்களை அதிக தூரம் தள்ளும். வேகமாக விழுகிறவர்கள் முதலில் போனால், பின்னால் வந்த மெதுவான குழு காற்றோடு நகர்ந்து அவர்கள் தலைக்கு மேல் வந்துவிடக்கூடும். கச்சான் காற்றுக் காலத்தில் நம் பக்கம் மரம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பத்தாயிரம் அடியில் காற்று கீழே இருப்பதைவிடப் பலமாக இருப்பது சாதாரணம். "எங்களுக்கு அவசரம், முதல்ல விடுங்கோ" என்று வரிசையை மாற்றக் கேட்கக்கூடாது.

பிரிந்து போகிற நேரம்

வேகம் கூடினால் கையில் இருக்கும் நேரம் குறையும். பதின்மூவாயிரம் அடியில் குதித்து வயிற்றுப்பக்கம் போய்ப் பழகியவருக்கு உள்ளுக்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். தலைகீழில் அந்த மணிக்கூடு பிழையாக ஓடும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கும்போது இருக்காது. அதனால்தான் தலைகீழ்க் குழுக்கள் பொதுவாக 5,500 அடி அளவிலேயே, வயிற்றுக் குழுக்களைவிட உயரத்தில், பிரியத் தொடங்குகின்றன.

மணிக்கட்டு உயரமானியை மட்டும் நம்புவதும் பிழை. தலைகீழில் அதைப் பார்க்கக் கையை அசைத்தால் நிலையும் கூடவே அசையும். முதுகு கீழே பார்க்க விழும்போது மணிக்கட்டு உடம்பின் மறைவில், காற்று கலங்கிய இடத்தில் சிக்கினால் ஆயிரம் அடி வரைகூட அதிகமாகக் காட்டலாம். ஹெல்மெட்டுக்குள் காதோரம் சத்தம் போடும் கருவி அவசியம். ஒன்றுக்கு இரண்டு வைத்திருப்பவர்களைப் பயந்தவர்கள் என்று கேலி செய்வது இன்னும் நிற்கவில்லை.

பிரியும்போது திடீரென்று எழும்பி விரியக்கூடாது. அதுவும் கோர்க்கிங்தான். சாய்வாக, மெல்ல வேகத்தைக் கரைத்துக்கொண்டு விலகிப் போக வேண்டும். நன்றாக விலகியதும், வயிற்றுப்பக்க வேகத்துக்கு வந்த பிறகுதான் பரசூட்டை இழுக்கலாம். தலைகீழ் வேகத்தில் திறந்தால் அந்த உதறலில் துணி கிழியும், கயிறு அறும், கழுத்தெலும்பு பாதிக்கப்படும்; உயிர் போனதும் உண்டு. 2015 இல் அமெரிக்காவின் இலினோயில் 164 பேர் தலைகீழாகக் கைகோர்த்து உலக சாதனை செய்தார்கள். எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பகிர்கிறார்கள். எனக்கோ அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் பிரிந்து போனதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

முதுகில் இருக்கும் பை

வாடகைக்குக் கொடுக்கும் பழகுநர் பரசூட் பைகள் எல்லாம் தலைகீழுக்கு ஏற்றவை அல்ல. வயிற்றுப்பக்கம் பறக்கும்போது காற்று படாத இடங்களில் எல்லாம் இங்கே காற்று புகுந்து இழுக்கும். தலைகீழாகப் போகையில் பை தானாகத் திறந்துகொண்டால் மேலே சொன்ன உதறல் எந்த ஆயத்தமும் இல்லாமல் வரும். மேலே ஒருவர் இருந்தால் அவர் விரியும் பரசூட்டுக்குள் நேரே விழுவார். ஆகவே இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் கறார்.

பையின் அடியில் பைலட் சூட் (பெரிய பரசூட்டை இழுத்தெடுக்கும் குட்டிப் பரசூட்) செருகியிருக்கும் உறையில் விரலை விட்டுப் பாருங்கள். தளர்ந்து தொங்கினால் அந்தப் பை வேண்டாம். அங்கிருந்து, பையைப் பூட்டி வைத்திருக்கும் ஊசி வரை போகும் பிரைடல் நாடாவை விரலால் தடவிக்கொண்டே போங்கள், ஓரிடத்திலும் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. ஊசி மூடியைத் திறந்து ஊசி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். அது செருகியிருக்கும் நூல் வளையம் நைந்து பஞ்சு பறக்கிறதென்றால், பையை மடித்தவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். மலிவான நூல் துண்டு அது, நிமிடக் கணக்கில் மாற்றிவிடலாம். வளையம் நீண்டு ஊசி தளர்வாக ஆடினாலும் அதே கதைதான். தொடைப் பட்டிகள் உட்காரும் நிலையில் முழங்காலுக்கு நழுவாதபடி இரண்டையும் பின்னால் இணைக்கும் இழுபட்டி ஒன்று இருக்க வேண்டும். நெஞ்சுப் பட்டியின் மிச்ச முனையைச் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது முகத்தில் அடித்துக்கொண்டே வரும்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: தலைகீழானால் தளர்ந்த ரீசேட் மேலே ஏறிப் பரசூட்டை இழுக்கும் பிடிகளை மூடிவிடும். உள்ளே விடுங்கள், அல்லது பறப்பு உடையே போடுங்கள். சப்பாத்துக் கயிறு இரட்டை முடிச்சு. பொக்கெற்றில் போனோ திறப்போ வேண்டாம்.

பரசூட்டைத் தானாகத் திறக்கும் தானியங்கிக் கருவி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். சைப்ரஸ் என்ற பரவலான கருவியில், அனுபவமுள்ளோருக்கான வகை, ஏறத்தாழ 225 மீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 35 மீற்றருக்கு மேல் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை, அதாவது பையில் இருக்கும் இரண்டாவது, அவசரப் பரசூட்டைத் திறக்கும். தலைகீழ் வேகத்தில் அந்த உயரத்திலிருந்து நிலத்துக்கு மூன்று செக்கன்தான். நினைவு தப்பியவரைக் காப்பாற்ற வைத்திருக்கும் பொருளைப் பறக்கும் திட்டத்துக்குள் கணக்கு வைக்கக்கூடாது.

கமரா விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அமெரிக்கப் பரசூட் சங்கம் 200 குதிப்புக்கு முன் கமரா வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் பரசூட் கயிறு சிக்கலாம் என்பது ஒரு காரணம். படமெடுக்கிறவருக்கு உயரம் மறந்துபோவது மற்றக் காரணம். கோச்சின் கமரா உங்களைப் படமெடுக்கட்டும். கலைந்த இடங்களைத் தரையில் வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கத்தான் அது உதவும்.

லீவு முடிந்து திரும்பினால்

கோயில் திருவிழா, கலியாணம், வீட்டு வேலை என்று ஊரில் ஒன்றிரண்டு மாதம் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் போன கையோடு விட்ட இடத்திலிருந்து தலைகீழாகத் தொடங்குவது நான் அடிக்கடி பார்க்கும் கடைசிப் பிழை. உடம்புக்கு அந்த நிலை நினைவிருக்கும், சுற்றியிருக்கும் வேலைகள்தான் மங்கியிருக்கும். முதல் குதிப்பு தனியாக, வயிற்றுப்பக்கம், அவசரநிலைப் பயிற்சியைத் தரையில் ஒரு தடவை செய்துவிட்டு. அடுத்தது உட்காரும் நிலை. மூன்றாவது கோச்சோடு. சொந்தப் பை என்றால் ரிசர்வ் அட்டையை எடுத்து மடித்த திகதியைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி அது 180 நாளுக்கு மட்டும்தான் செல்லும், மற்ற இடங்களில் அந்தந்த இடத்து விதி. திகதி கடந்திருந்தால் அன்றைக்கு வாடகைப் பை, அல்லது விண்ட் டனல்.