வோல்ட் அப்புறம், முதலில் ஹெர்ட்ஸ்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு செட்டுகளை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து அனுப்புவது என் வேலை. வெளிநாட்டு ஆர்டர் என்றால் ஆபீஸில் "எத்தனை வோல்ட்?" என்பார்கள். நான் "எத்தனை ஹெர்ட்ஸ்?" என்பேன், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்று. ஒரு தடவை பட்ட சூடு அப்படி.

சவுதிக்குப் போன செட் அது. '380 வோல்ட், த்ரீ பேஸ்' என்றுதான் ஆர்டரில் இருந்தது. நம்ம 415-க்குப் பக்கம்தானே என்று அனுப்பிவிட்டோம். அமீரகம், குவைத், கத்தார் எல்லாம் நம்ம மாதிரி 50 ஹெர்ட்ஸ். நடுவில் சவுதி 60. அங்கே ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்தில், சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ட்ரிப். திரும்பப் போட்டால் திரும்ப ட்ரிப்.

இங்கே நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிற நாலு போல் (நாலு காந்த முனை) மோட்டார் அங்கே 1730-ஐத் தொடும். வேகம் 1.2 மடங்கு ஏறினால் பம்பு இழுக்கும் பவர் 1.2-ஐ மூன்று தடவை பெருக்கிய அளவு, அதாவது 1.73 மடங்கு. 5 எச்.பி. மோட்டாரிடம் எட்டரைக்கு மேல் கேட்கிறது. வோல்ட்டோ 415-க்குப் பதில் 380. சுமை கூடி, தீனி குறைந்தால் மாடு என்ன செய்யும்?

அதனால் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். நம்ம 415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3. அமெரிக்கத் தொழிற்சாலையின் 480-ஐ 60-ஆல் வகுத்தால் 8. கிட்டத்தட்ட அதே எண், நம்ம வைண்டிங்கே (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) தாங்கும். அந்த சவுதி ஆர்டரின் 380-க்கு 6.3தான் வருகிறது, டார்க் (முறுக்கு விசை) கிட்டத்தட்ட 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வகுத்த எண் மோட்டாருக்கு உரியதைவிட ஏறினாலும் வம்புதான்: மோட்டாரின் இரும்பு கோர் 'ங்ங்' என்று முனகிக்கொண்டே சுடும்.

அந்த செட்டுக்குப் பதில் அனுப்பியதில் காயிலுக்கு 46 சுற்று இருந்ததை 35 ஆக்கி, கம்பியைத் தடிமனாக்கினோம். தண்ணீரைத் தள்ளும் 150 மில்லிமீட்டர் இம்பெல்லரை லேத்தில் 125-க்குக் கடைந்தோம். அமெரிக்கா போனாலும் இம்பெல்லரைக் கடையத்தான் வேண்டும், வேகம் ஏறுகிறதே. பேனலில் மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டரின் காயில் எந்த வோல்ட், எந்த ஹெர்ட்ஸ் என்பதையும் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வீட்டுச் சாமானுக்கும் இதே கணக்கு. எங்கள் ஊரில் பாதிக் குடும்பத்துக்குப் பிரான்ஸில் ஆள் உண்டு. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அத்தை கொண்டுபோன மிக்ஸிக்கு அந்த ஊர் பிளக் மட்டும் மாற்றினால் போதும், எர்த்தோடு. அமெரிக்கா என்றால் 120, 60. மிக்ஸி கார்பன் பிரஷ் மோட்டார்; தாங்குகிற டிரான்ஸ்பார்மர் இருந்தால் ஹெர்ட்ஸைக் கண்டுகொள்ளாது. கிரைண்டர் இண்டக்‌ஷன் மோட்டார். வோல்ட்டைச் சரிசெய்தாலும் வேகமாகச் சுற்றிச் சூடேறும், கொண்டுபோகாதீர்கள். லேப்டாப் சார்ஜரில் '100–240, 50/60' என்று போட்டிருக்கும், அதற்குக் கவலையே இல்லை. ஹீட்டருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டல்ல, ஆனால் பாதி வோல்ட்டில் கால் பங்கு சூடுதான் வரும்.

ஒயர் நிறத்தில் ஏமாறாதீர்கள். நமக்குக் கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பு லைவ். நமக்கு நீலம் ஒரு பேஸ். ஐரோப்பாவில் அது நியூட்ரல். அந்த நாட்டு நிறத்திலேயே ஒயரிங் செய்து, ஒவ்வொரு முனைக்கும் இது இன்ன ஒயர் என்று காட்டும் ஃபெரூல் போட்டுவிடுவேன்.

நாட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பானில் டோக்கியோ 50, ஒசாகா 60. வாங்குகிறவரிடம் அங்கே ஏற்கெனவே ஓடுகிற மோட்டார் ஒன்றின் நேம்பிளேட்டை (வோல்ட், ஹெர்ட்ஸ் அடித்த தகடு) போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதே மாதிரி, வைண்டிங்கை மாற்றினால் நம்ம நேம்பிளேட்டையும் மாற்றி அடியுங்கள். உள்ளே 60, வெளியே 50 என்று ஒரு மோட்டார் எங்கள் கேட் வரைக்கும் போய், லாரியிலிருந்து இறங்கித் திரும்பி வந்திருக்கிறது.