மோட்டார் காயில் சுற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயில் சுற்றும்போது நடக்கும் தவறுகளில் பல, வார்னிஷ் காய்ந்த பிறகுதான் வெளியே தெரிகின்றன. அந்த நேரத்தில் ஒரு காயிலை மட்டும் பிரித்துத் திருத்த முடியாது. மொத்தத்தையும் வெட்டி எடுக்க வேண்டியதுதான். மூன்று பேஸ் மோட்டார் ஸ்டேட்டரை (சுழலாத பகுதி) வைத்துச் சொல்லப்படும் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றை வார்னிஷுக்கு முன்பே பிடித்துவிடலாம்.

கம்பியும் சுற்று எண்ணிக்கையும்

எனாமலோடு (கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சு) சேர்த்து அளந்து, அதையே கம்பியின் அளவாக எழுதிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எனாமல் மட்டுமே விட்டத்தில் சுமார் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை கூட்டும். அந்த அளவுக்கு வாங்கிய தடித்த கம்பி ஸ்லாட்டில் (காயில் உட்காரும் பள்ளம்) அடங்காது. உடனே ஒரு கேஜ் மெல்லிய கம்பிக்கு இறங்கிவிடுவார்கள். SWG அளவில் 22 கேஜ் கம்பி 0.711 மி.மீ., 23 கேஜ் 0.610 மி.மீ. விட்டத்தில் 0.1 மி.மீ. குறையும்போது செம்பின் பரப்பு 0.397 சதுர மி.மீ.இலிருந்து 0.292க்கு இறங்குகிறது. மின்தடையும் அதே மின்னோட்டத்தில் உண்டாகும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகின்றன. நுனியை லேசாகச் சுட்டு, எனாமலைத் துணியால் துடைத்துவிட்டு, மைக்ரோமீட்டரில் இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் செம்பும் சேர்ந்து போய்விடும்.

பழைய காயிலைப் பிரித்து எண்ணும்போது வரும் குழப்பம் இன்னும் மோசமானது. இரட்டைக் கம்பியாகச் சுற்றிய காயிலில் 80 கம்பி இருந்தால் அது 40 சுற்றுதான். இதைத் தவறவிட்டால் மோட்டாரின் கணக்கே மாறிவிடும். சுற்று குறைந்தால் கோரில் (ஸ்டேட்டரின் இரும்புப் பகுதி) காந்தப்புலம் கூடி, சுமை இல்லாமலே ஆம்பியர் ஏறும். சுற்று அதிகமானால் மோட்டாரின் இழுவிசை (டார்க்) குறையும்; 5 சதவீதம் கூடினாலே தொடக்க இழுவிசை ஏறக்குறைய 10 சதவீதம் போய்விடுகிறது. ஒரு காயிலை மட்டும் எண்ணி முடிவு செய்யாமல் குறைந்தது மூன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு 0.50 மி.மீ. கம்பி சேர்ந்தால் ஒரு 0.71 மி.மீ. கம்பிக்குச் சமம். ஆனால் இரண்டு கம்பிக்கும் தனித்தனி எனாமல் என்பதால் ஸ்லாட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

இழுவையும் பார்மாவும்

கம்பியை இறுக்கிப் பிடித்தால் காயில் அழகாக வரும் என்று நினைத்து இழுப்பவர்கள் உண்டு. செம்பு நீளும்போது மெலிகிறது. 1 சதவீதம் நீண்டால் மின்தடை 2 சதவீதம் கூடும், எனாமலிலும் நுண்ணிய விரிசல் விழும். கம்பி முறுக்கிக் கண்ணி விழுந்த இடத்தை நீட்டி நேராக்கிச் சுற்றக் கூடாது, அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

பார்மா (காயிலைச் சுற்றி எடுக்கும் அச்சு) சிறியதாக இருந்தால் காயிலை ஸ்லாட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டிவரும், எனாமல் கோரின் விளிம்பில் உரசும். பெரியதாக இருந்தால் ஓவர்ஹேங் (ஸ்லாட்டுக்கு வெளியே நிற்கும் காயில் பகுதி) நீண்டு மூடியில் தட்டும். முதலில் ஒரு காயிலை மட்டும் சுற்றி ஸ்லாட்டில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றைச் சுற்றுவது நல்லது.

ஸ்லாட்டுக்குள் இறக்கும்போது

எர்த் கோளாறு (காயில் இரும்பைத் தொடுவது) பெரும்பாலும் ஸ்லாட்டின் நடுவில் வருவதில்லை, கோரின் ஓரத்தில் ஸ்லாட் முடியும் இடத்தில்தான் வருகிறது. இன்சுலேஷன் தாள் கோரின் இரு பக்கமும் சமமாக வெளியே நீட்டியிருக்க வேண்டும். காயிலை இறக்கும்போது தாள் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் மறுபக்கத்தில் செம்பு இரும்பு விளிம்பைத் தொடும். ஒவ்வொரு காயிலையும் இறக்கியபின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கம்பியைத் தள்ளுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், ஃபைபர் பட்டை போதும். கம்பிகள் குறுக்கே விழுந்தால் இடம் வீணாகி, வெட்ஜை (ஸ்லாட்டை மூடும் ஆப்பு) அடித்து ஏற்ற வேண்டியிருக்கும். அந்த அடியில்தான் எனாமல் நசுங்குகிறது.

நசுங்கிய இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அது மூடிய வளையமாகி, பெரும் மின்னோட்டம் ஓடி அந்த இடம் கருகும். இந்தக் கோளாறை மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காட்டாது; காயிலுக்கும் உடலுக்கும் இடையே இன்சுலேஷன் நன்றாகத்தானே இருக்கிறது! காயிலுக்கு உயர் வோல்ட்டேஜ் துடிப்பைக் கொடுத்துப் பார்க்கும் சர்ஜ் டெஸ்ட்தான் இதைப் பிடிக்கும். ஓவர்ஹேங்கில் இரண்டு பேஸ் காயில்கள் சந்திக்கும் இடத்தில் பிரிப்புத் தாள் விடுபடுவதும் அதே அளவு ஆபத்து, ஏனென்றால் அங்கே லைன் வோல்ட்டேஜ் (இரண்டு பேஸுக்கு இடையிலான முழு வோல்ட்டேஜ்) நிற்கக்கூடும்.

இணைப்பு

எல்லா எனாமலும் ஈயம் வைத்தவுடன் உருகாது. பாலியூரித்தேன் எனாமல் உருகும். மோட்டார்களில் அதிகம் வரும் பாலியஸ்டர்-இமைடு எனாமலைச் சுரண்டியே ஆக வேண்டும், அதுவும் செம்பில் கீறல் விழாமல். இணைப்பின் மேல் போடும் ஸ்லீவ் (காப்புக் குழாய்) இரு பக்கமும் எனாமல் உள்ள பகுதிவரை நீள வேண்டும்.

வார்னிஷும் சோதனையும்

ஈரத்தோடு வார்னிஷில் முக்கினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்தி, 50–60 டிகிரிக்கு ஆறவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை முக்குங்கள். அதிகச் சூட்டோடு இறக்கினால் கரைப்பான் ஆவியாகித் தொட்டியே கெட்டிப்படும். சுடும் வெப்பத்தையும் நேரத்தையும் வார்னிஷ் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து வையுங்கள். நேரத்தை எண்ணத் தொடங்குவது காயில் அந்த வெப்பத்தை அடைந்த பிறகு, அடுப்பின் மீட்டர் காட்டியவுடன் அல்ல.

மின்தடையைச் சூட்டோடு அளந்து ஒப்பிடாதீர்கள். 10 டிகிரி வித்தியாசத்துக்கே செம்பின் மின்தடை ஏறக்குறைய 4 சதவீதம் மாறும். மெக்கரில் மூன்று பேஸையும் சேர்த்துப் பிடித்து உடலோடு மட்டும் பார்ப்பதும் அரைகுறைச் சோதனைதான். மூன்று பேஸின் முனைகளும் ஒன்றுசேரும் ஸ்டார் முனையைக் கட்டுவதற்கு முன், 500 வோல்ட்டில், ஒரு நிமிடம் வைத்து, பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலும் தனித்தனியாகப் பாருங்கள்.