ரமலான் மாதத்தில் ஈகையும் வீட்டுச் செலவும்

ரமலானில் கொடுக்கத் தொடங்குவதற்கு முன், கொடுத்தே ஆகவேண்டியது எது, மனமுவந்து கொடுப்பது எது என்று பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். செல்வத்துக்கான கட்டாயக் கொடையான ஜகாத், பெருநாளையொட்டித் தலைக்கு இவ்வளவு என்று தரும் கட்டாயக் கொடையான ஃபித்ரா, மனமுவந்து தரும் ஸதகா ஆகிய மூன்றையும் அந்த ஒரு மாதச் சம்பளத்திலிருந்தே கொடுக்க முயல்வதால்தான், இருபதாம் நோன்புக்குள் கை வறண்டு, பெருநாள் துணிக்குக் கடன் கேட்கும் நிலை பல வீடுகளில் உண்டாகிறது.

ஜகாத்தை ரமலான் செலவாகக் கருதவே கூடாது. ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவான நிஸாபை எட்டி, ஒரு பிறை ஆண்டு முழுவதும் நம்மிடம் இருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு, உரியவர்களுக்குச் சேரவேண்டிய கடமை அது. தங்கத்துக்கு நிஸாப் ஏறத்தாழ 87.5 கிராம், நம் வழக்கில் சுமார் 11 பவுன்; வெள்ளிக்கு ஏறத்தாழ 612 கிராம். கையிருப்பு ரொக்கத்தை வெள்ளியின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் உண்மையான சிக்கல் நகையில்தான் இருக்கிறது. இஸ்லாமியச் சட்ட வழிகளான மத்ஹபுகளில் ஒன்றான ஹனஃபியில், அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபிஈ மத்ஹபில், வழக்கமான அளவில் அணிவதற்காக வைத்திருக்கும் நகைக்கு இல்லை. ஹனஃபி வழியில் செல்லும் ஒரு பெண்ணிடம் 20 பவுன் இருந்தால், அது 160 கிராம். அவர் தரவேண்டியது 4 கிராமின் விலை, அதாவது அரைப் பவுன். வீட்டில் ரொக்கம் எதுவும் இல்லாதபோதும் இந்தக் கடமை நீங்குவதில்லை என்பதால், அரைப் பவுன் பணத்தை ஒரே மாதத்தில் புரட்டுவதைவிட, மாதந்தோறும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கின் விலையைத் தனியே எடுத்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. நிஸாப் உள்ளவர் ஆண்டு நிறைவதற்கு முன்பே சிறிது சிறிதாகக் கொடுத்துவரவும் இவ்விரு மத்ஹபுகளும் இடமளிக்கின்றன. நகை மனைவியுடையது என்றால் கடமையும் அவருடையது. கணவர் விரும்பினால் மனைவியின் அனுமதியோடு செலுத்தலாம். கடனைக் கழித்துக் கணக்கிடுவதில் கருத்து வேறுபாடு இருப்பதால், அதை மட்டும் உங்கள் பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபித்ரா சிறிய தொகைதான். தலைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அரிசி என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டரைக் கிலோ ஆகும். பெருநாள் தொழுகைக்கு முன் அது உரியவரைச் சேர்ந்துவிட வேண்டும்.

இவ்விரண்டுக்கும் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதிலிருந்து ஸதகாவுக்கு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். எதைச் செலவிடுவது என்ற கேள்விக்குத் தேவைபோக மிஞ்சியதை என்றுதான் குர்ஆனின் 2:219 வசனம் விடை தருகிறது. அத்தொகையைப் பாதியாக்கி, ஒரு பாதியைக் கடைசிப் பத்து நாட்களுக்கென்று வைத்துக்கொண்டால், முதல் வாரத்தில் வாசலுக்கு வருபவர்களிடமே எல்லாம் தீர்ந்துவிடாது. நோன்புக் கஞ்சிக்கு ஒரு நாள் செலவு முழுவதையும் ஒருவரே ஏற்பது பாரமாக இருந்தால், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஏற்கலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கவனம் தேவை. உடன்பிறந்தவர், மாமி, சித்தி ஆகியோர் வறியவர்களாக இருந்தால் அவர்களுக்கு ஜகாத்தையே கொடுக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது, அவர்களைப் பராமரிப்பது வேறு கடமை. ஒரே வீட்டுக்கு ஐந்து பேர் பேரீச்சம்பழப் பெட்டி கொண்டு செல்லும்போது, அந்த வீட்டின் வாடகை பாக்கியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. உறவினர் வாய்திறந்து கேட்க மாட்டார்; நாம்தான் பிறர் அறியாமல் பணமாகக் கொடுக்க வேண்டும்.

சமையலறைச் செலவைக் குறைக்காமல் இவை எதுவும் நிலைக்காது. நோன்பு திறக்கும் இஃப்தாருக்குத் தினமும் கஞ்சியோடு சமோசா, வடை, கடல்பாசி, சர்பத் என்று எல்லாவற்றையும் வைக்காமல், அவற்றில் ஒன்றோடு நிறுத்துங்கள். பெருநாள் துணியை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே, விலை ஏறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பெருநாள் கழிந்த வாரத்திலேயே ஜகாத் கணக்கிட்ட பிறைத் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டுக்கான முதல் தவணையை எடுத்து வையுங்கள். பிறை ஆண்டு 354 நாட்களே என்பதால், அந்த நாள் ஆங்கில நாட்காட்டியில் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்துவிடும்.