பழைய பைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

ஏழெட்டு வருடங்களுக்கு முன் தம்பி கல்லூரிக்குப் போய்வர நூறு சிசி வண்டி ஒன்று தேடி, திருச்சியில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடைக்குப் போனோம். போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனோம். வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஒரே உதையில் பிடித்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, பேரம் பேசி, அன்றைக்கே எடுத்து வந்துவிட்டோம். மறுநாள் காலை அதே வண்டி இருபது உதைக்கும் அசையவில்லை. ஒருவழியாகப் பிடித்தபோது தெருவே நீலப்புகை. சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடும் ரீபோர் வேலையைச் செய்தே ஆகவேண்டும் என்றார் மெக்கானிக். தம்பியின் செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

நாங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் உறைத்தது. பழைய வண்டியில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது இந்த ஒரு தவறைத்தான். விற்பவர் காட்டுகிற நேரத்தில், காட்டுகிற கோலத்தில் வண்டியைப் பார்க்கிறோம்.

ஆகவே போனவுடன் சாவியைக் கேட்காதீர்கள். இன்ஜின் மீது கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால்கூட "நாளைக் காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு இதில் எந்தச் சங்கடமும் இருக்காது.

குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். பிஸ்டனும், அது ஏறி இறங்கும் சிலிண்டர் சுவரான போரும் தேய்ந்திருந்தால் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். சூடானதும் பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளி குறையும், டக்டக் சத்தமும் அமுங்கிவிடும். குளிரில் அது மறையாது. முதலில் சாவியைத் திருப்பாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்கவேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கீழே போனால் உள்ளே காற்றை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம்.

பிறகு ஸ்டார்ட் செய்துவிட்டு சைலன்ஸருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பனிக்காலக் காலையில் லேசாக வெள்ளை ஆவி வந்து சற்று நேரத்தில் நின்றால் அது வெறும் நீராவி. ஸ்டார்ட் ஆன உடனே ஒரு கொத்து நீலப்புகை வந்து அடங்கினால், இரவில் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கலாம். அது சமாளிக்கக்கூடிய செலவு. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் போய்விட்டன. கரும்புகைக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கார்புரேட்டரைச் சரிசெய்து, ஏர் ஃபில்டரை மாற்றினால் போதும்.

யமஹாவின் பழைய ஆர்எக்ஸ் 100 தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி ஆயிலும் எரிவதால் கொஞ்சம் புகை வருவது அதன் இயல்பு. ஆனால் வெள்ளைப்புகை நிற்காமல் கக்கி, கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் ஆயில் சீல் போய், கியர் ஆயில் எரிகிறது என்று பொருள். அதற்கு இன்ஜினைப் பிளக்கவேண்டும். 1985-இல் வந்து 1996-இல் நிறுத்தப்பட்ட வண்டி அது. எவ்வளவு பளபளப்பாக நின்றாலும் முப்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். தாயின் மடியிலிருந்து இறங்கியதுபோல் இருக்கிறதே என்று மயங்கவேண்டாம். எதை எப்போது மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

"இப்பதான் ஆயில் மாத்தினேன்" என்ற வார்த்தையை நம்பி விலையைக் கூட்டிவிடாதீர்கள். சத்தத்தையும் புகையையும் அடக்க, கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பது பழைய உத்தி. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து, அதில் ஒட்டிய ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். தூள்தூளாக மினுக்கினால் உள்ளே உலோகம் அரைபடுகிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும் சென்னை வண்டிகளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. மூழ்கிய வண்டி இன்றைக்கு ஓடும், வயரிங் ஒரு வருடம் கழித்துக் கழுத்தறுக்கும். சீட்டைத் தூக்கி, வயர் சாக்கெட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ, ஹெட்லைட்டுக்குள்ளும் ஃப்ரேம் மூலைகளிலும் காய்ந்த சேறு படிந்திருந்தாலோ, அடிமாட்டு விலைக்குத் தந்தாலும் எனக்கு வேண்டாம்.

மீட்டரைப் பார்த்து வயதைக் கணிப்பது இன்னொரு தவறு. பல பழைய வண்டிகளில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து ஓடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்களும் உண்டு. மீட்டர் 28,000 என்று காட்டும்போது ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, பிரேக் பெடலின் வரிகள் அழிந்திருந்தால் நான் ரப்பரையும் பெடலையும்தான் நம்புவேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1419 என்றால் 2019-இன் 14-ஆவது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருட டயர் மழையில் பிடிக்காது.

புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர் பார்த்து மயங்குகிறவர்கள் ஒரு முறை ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஹேண்டில் இருபுறமும் திரும்பி முட்டி நிற்கும் ஸ்டாப்பர் அங்கே இருக்கும். அது நசுங்கியோ, வெல்டு வைத்தோ இருந்தால் வண்டி முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளி நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் எங்காவது பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்தால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் போயிருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. இதெல்லாம் மாற்றக்கூடியவைதான், ஆனால் அந்தச் செலவு விலையில் கழியவேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் தெருமுனை வரை போய்த் திரும்புவது இல்லை. ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறுங்கள். டாப் கியரில் முறுக்கும்போது இன்ஜின் மட்டும் அலறி, வண்டி நகராமல் சோம்பினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கூட வரும் மெக்கானிக் உங்கள் தெருக்காரராக இருக்கட்டும். விற்பவர் கூப்பிட்டு வருகிற மெக்கானிக் யாருக்காகப் பேசுவார்?

இத்தனையும் பார்த்துவிட்டு வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை மேலோட்டமாகப் பார்க்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. இன்ஜின் கோளாறில் பணம்தான் போகும். காகிதக் கோளாறு காவல் நிலையம் வரை இழுக்கும்.

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எண்ணைச் சுற்றி அரத்தால் ராவிய தடம் இருந்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். ஆர்எக்ஸ் 100-இல் ஆர்எக்ஸ் 135-இன் இன்ஜினை ஏற்றி ஓட்டுவது சகஜம், ஆர்.சி.யில் ஏறாத இன்ஜின் நாளைக்கு உங்கள் தலைவலி. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்பதைப் பேரத்திலேயே முடிவு செய்யுங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யில் ஏறிய ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு கேன்சல் ஆகியிருக்கவேண்டும். கடனைக் கட்டி முடித்தோம் என்ற வாய்ச்சொல் போதாது. எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ், பதிவுக்காலம் எல்லாம் தெரியும். போக்குவரத்து அபராதமான இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ஐக் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றாக வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஆர்.சி.யில் இருப்பவர் இறந்திருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது, வாரிசுகள் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும், இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள்தான். ஆகவே முழுப்பணத்தையும் முதல் நாளே எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியதும் தருவதாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பிக்கு அடுத்த வண்டியை அப்படித்தான் வாங்கினோம்.