பறக்கற ஆந்தையை படம் எடுக்கப் போறீங்களா, நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

உக்காந்திருக்கற ஆந்தையை எடுக்கறது பெரிய விஷயம் இல்ல, அது பாட்டுக்கு கெளையில தூங்கிட்டிருக்கும், நாம பத்து செட்டிங் மாத்தி மாத்தி எடுத்துட்டே இருக்கலாம். அது பறக்க ஆரம்பிக்கும்போதுதான் நம்ம வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

மொதல் தப்பு, யாரும் வெளிய ஒத்துக்காத தப்பு, உக்காந்திருக்கறத வேணும்னே கெளப்பி விடறது. நானும் பண்ணியிருக்கேன். ஒரு மணி நேரம் பாத்தேன், அசையவே இல்ல, சரின்னு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போனேன், பறந்துச்சு, 22 ஃப்ரேம் விழுந்துச்சு, 22லயும் வெறும் முதுகும் வாலும்தான்! நமக்கு பயந்து ஓடற பறவை நம்ம பக்கம் மூஞ்சிய காட்டிட்டா பறக்கும்? அதோட பகல்ல வெளிய வந்த ஆந்தையை காக்கா கூட்டம் சும்மா விடாது, அன்னைக்கு அது பட்ட பாட்ட பாத்துட்டு கேமராவ பையில போட்டுட்டு வந்துட்டேன். ஒடம்ப ஒல்லியா நீட்டி, கண்ண கோடு மாதிரி இடுக்கிட்டு நிக்குதுன்னா தூங்குதுன்னு நெனச்சுக்காதீங்க, உங்கள பாத்துட்டு மறைய பாக்குது, அப்படியே பின்னாடி வந்துடுங்க.

எலி வெச்சு வரவழைக்கறது, ஃபோன்ல அதோட குரல போடறது, ராத்திரில ஃப்ளாஷ் அடிக்கறது, இது மூணும் வேண்டவே வேண்டாம். ரோட்டோரமா இரை கெடைக்கும்னு பழகிட்டா அப்புறம் வண்டில அடிபடறது அதுதான்.

அப்போ எப்படித்தான் எடுக்கறதுன்னா, தொரத்தாம ஒரு எடத்துல உக்காரணும். கூகை (பார்ன் அவுல், வெள்ள மூஞ்சி ஆந்தை) மாதிரி ஆந்தைங்க புல்வெளி ஓரமா தாழ்வா பறந்து, அதே வழியில திரும்பத் திரும்ப வரும், ரெண்டு நாள் கேமராவ தொடாம பாத்தாலே ரூட் புரிஞ்சுடும். காத்த எதிர்த்து பறக்கும்போது ரொம்ப மெதுவா வரும், அதனால காத்தும் வெயிலும் உங்க முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி எடம் புடிங்க. காத நம்பாதீங்க. ரெக்கையோட முன் ஓரத்துல சீப்பு பல்லு மாதிரி இருக்கும், பின் ஓரம் குஞ்சம் மாதிரி, மேல வெல்வெட் மாதிரி, அதனால பக்கத்துல வந்தாக்கூட சத்தம் கேக்காது. ஆனா நம்ம கேமராவோட பீப் சத்தம் அதுக்கு நல்லாவே கேக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க.

ஷட்டர் ஸ்பீட, அதாவது ஷட்டர் எவ்வளவு வேகமா தொறந்து மூடுதுங்கறத, ஏத்தாம விடறது அடுத்த தப்பு. உக்காந்திருந்தப்போ வெச்ச 1/250 செகண்ட்லயே மறந்துபோய் விட்டுடுவோம், பறந்தா ரெக்கை பஞ்சு மிட்டாய் மாதிரி வரும். 1/1600 கிட்ட வைங்க, மெதுவா ரெக்கை அடிக்கற பறவைதான், 1/4000லாம் தேவையில்ல. சாயங்காலம் வெளிச்சம் போயிடுச்சுன்னா ரெக்கைய விரிச்சு மெதக்கற நேரத்துக்கு 1/1000 போதும், ஐஎஸ்ஓ (கெடைக்கற வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணுங்கற செட்டிங்) 6400 போனாலும் பரவால்ல, நாய்ஸ (படத்துல வர்ற பொடிப்பொடி புள்ளிய) அப்புறம் கொறைச்சுக்கலாம்.

எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமா வருதுங்கறது, அதுதான் எனக்கு ரொம்ப நாள் பெப்பே காட்டுச்சு. ஒரு தடவ கூகை ஒண்ணு கருப்பா இருந்த மரங்களுக்கு முன்னாடி நேரா என்னப் பாத்து வந்துச்சு, வாழ்க்கையில ஒரு தடவதான் அப்படி வரும், வீட்டுக்கு வந்து பாத்தா மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வெள்ளத்தட்டு. கேமரா பின்னாடி இருந்த இருட்ட பாத்துட்டு வெளிச்சத்த ஏத்தி விட்டுருச்சு. அதுவே வானத்துக்கு நேரா வந்தா உல்டா, பறவை கரிக்கட்டையா வரும். இப்போல்லாம் மேனுவல் மோட்ல ஷட்டர், அப்பெர்ச்சர் (லென்ஸோட தொறப்பு), ஐஎஸ்ஓ மூணையும் நானே அங்க விழற வெளிச்சத்துக்கு செட் பண்ணி வெச்சுட்டு, வெளிச்சம் மாறினா மட்டும் மாத்தறேன், பின்னாடி என்ன வந்தாலும் கவலையில்ல.

ஃபோகஸ், கண்டினியுவஸ்ல (பறவை நகர நகர கேமரா ஃபோகஸ மாத்திட்டே வர்ற மோட்ல) இருக்கணும், இது தெரிஞ்சதுதான். ஆனா பறவை கிட்ட வந்தப்புறம் தேட ஆரம்பிச்சா கேமரா புல்லதான் புடிக்கும், தூரத்துல வரும்போதே புடிச்சு கூடவே வாங்க. ஃப்ரேம் டைட்டா இருக்கட்டும்னு 600 எம்எம் லென்ஸ்ல ஒக்காந்துட்டிருந்தா திரும்பும்போது ரெக்கை நுனி கட் ஆயிடும், கூகைக்கே ரெக்கை விரிச்சா 80லேர்ந்து 95 சென்டிமீட்டர் வரும், கொஞ்சம் எடம் விடுங்க. இன்னொண்ணு, தூரத்துல புள்ளியா தெரியும்போதே பர்ஸ்ட் (பட்டன அமுக்கிட்டே விடாம படபடன்னு எடுக்கறது) அடிச்சு தள்ளாதீங்க, சரியா அது மூஞ்சிய திருப்பற நேரத்துல பஃபர் (எடுத்த படம் கார்டுக்கு போற வரைக்கும் நிக்கற மெமரி) ஃபுல்லாகி கேமரா முழிச்சுட்டு நிக்கும்.

கெளையிலேர்ந்து கெளம்பறத எடுக்கணும்னா அதுக்கு அறிகுறி இருக்கு. ஒரு ரெக்கையையும் காலையும் சேத்து நீட்டி சோம்பல் முறிக்கும், தலைய மேலயும் கீழயும் ஆட்டி தூரம் பாக்கும், சில நேரம் எச்சம் போடும், அப்புறம் முன்னாடி சாயும். எச்சம் விழுந்ததும் வெரல் பட்டன்ல இருக்கட்டும், நான் அந்த நேரம் பாத்துதான் ஸ்கிரீன்ல பழைய படத்த ஜூம் பண்ணி பாத்துட்டிருப்பேன்.

நல்ல படம் கெடச்சா போடுங்க, எடத்த மட்டும் போடாதீங்க, கூடு இருந்தா சுத்தமா வேண்டாம். படத்துக்குள்ள ஜிபிஎஸ் விவரம் இருக்கான்னும் ஒரு தடவ பாத்து அழிச்சுடுங்க, ஃபோன்ல எடுத்ததுல பெரும்பாலும் ஒட்டிட்டு இருக்கும்.